சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரம்

குப்புறப் படுத்திருப்பவளுக்கு உலகம் தரையிலிருந்துதான் தொடங்குகிறது. மார்புக்கு அடியில் இரண்டு தலையணை, இடுப்புக்கு அடியில் ஒன்று, முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது, மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்கிற்குள் நான் விடும் மூச்சே ஈரமாகி என் கன்னத்தில் படிகிறது. இந்தக் கோணத்தில் மனிதர்கள் முழங்கால் வரைதான் இருக்கிறார்கள். நீல உறை மாட்டிய பாதங்கள் வருகின்றன, நிற்கின்றன, போகின்றன; அவற்றுக்கு மேலே யார் இருக்கிறார் என்பதை நடையிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். வலக்காலைச் சற்றே இழுத்து வைப்பது ஜெபசீலி சிஸ்டர். அவசரமாக வந்து, நின்ற இடத்திலும் குதிகாலை ஆட்டிக்கொண்டேயிருப்பது டாக்டர். உறையில்லாமல், வெடித்த குதிகாலோடு, கட்டிலிலிருந்து தொங்குவது பக்கத்துப் படுக்கை மைதீன் பாத்து. அதற்கும் அப்பால், ஏழாம் எண் கட்டிலின் அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு மட்டும் இருக்கிறது, ஆள் முந்தாநாள் மாடிக்குப் போய்விட்டாள். என் தலைமாட்டில், ஆக்சிஜன் குமிழிக்குள் தண்ணீர் ஓயாமல் கொப்பளிக்கிறது. முதல் நாள் அது அடுப்பில் எதையோ மறந்துவிட்டு வந்த பதற்றத்தைத் தந்தது, இந்த ஐந்தாம் நாளில் அது மழை. நான் எங்கோ ஒரு தகரக் கூரையின் கீழ் படுத்திருக்கிறேன், வெளியே மே மாதம் என்பதை யாரோ மறந்துவிட்டார்கள். கதவுக்கு மேலுள்ள கடிகாரம் சாய்ந்து தெரிகிறது. பத்தாவதற்கு எட்டு நிமிடம். எட்டரைக்கு வயிற்றில் ஊசி, பதினாறு யூனிட். எட்டே முக்காலுக்கு நான்கு இட்லி, சாம்பார். பத்தே முக்காலுக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அந்தத் தாளில் ஒன்றுதான் பொய், நடுவில் இருக்கும் இட்லி. அது மைதீன் பாத்துவின் வயிற்றில் இருக்கிறது.

“ஏன் டீச்சரம்மா எனக்குத் தாரீங்க?” என்று அவள் கேட்கத்தான் கேட்டாள். “பசியில்லை, நீ சாப்பிடு.” “பசியில்லன்னா சிஸ்டர்ட்ட சொல்லுங்க, எங்கிட்ட ஏன் ரகசியமாத் தாரீங்க? நேத்தும் பாதி தந்தீங்க. எங்க வீட்டு ஆளுக்குத் தெரிஞ்சா, ஆசுபத்திரில போயும் அடுத்த தட்டுல கை வச்சியாளான்னு கேப்பாவ.” சொல்லிக்கொண்டே சாப்பிட்டாள். மேலப்பாளையத்தில் பீடி சுற்றுகிறவள். விரல்கள் சும்மா இருக்கும்போதும் போர்வையின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விடுகின்றன. அவளுக்குச் சர்க்கரை இல்லை, மூச்சும் தெளிந்துவிட்டது, நாளையோ மறுநாளோ வீட்டுக்குப் போவாள். அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் கணக்கு சரியாக வந்துகொண்டிருக்கிறது என்ற நிறைவோடு. காலையில் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். “மேடம், நேத்து சாப்பிட்டப்புறம் 236. இன்சுலினக் கூட்டியிருக்கேன். இன்னிக்கும் இருநூறுக்குக் கீழ வரலன்னா நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். மேல மாத்திடுவேன். டிரிப்லயே இன்சுலின் போட்டு மணிக்கொரு தரம் பாக்கணும்.” மேல என்றால் மூன்றாம் மாடி, தீவிர சிகிச்சைப் பிரிவு. இருநூறு என்ற எண்ணை அவர் என் முன்னால் வைத்ததுதான் பிழை. தேர்வில் எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று சொல்லிவிட்டால், மாணவி பாடத்தைப் படிக்க மாட்டாள், மதிப்பெண்ணைத்தான் படிப்பாள். முப்பத்திரண்டு வருடம் புள்ளியியல் கற்பித்தவள் இதைச் சொல்கிறேன். இந்த வித்தை எனக்குப் புதிதுமல்ல. என் அப்பா தலைமையாசிரியர். செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வாயைக் கட்டிவிடுவார், திங்கள் முழுவதும் வெந்தயத் தண்ணீர், செவ்வாய் விடியலில் பாளையங்கோட்டை முழுவதையும் இரண்டு சுற்று நடப்பார். சாயங்காலம் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வருவார், நூற்றுப் பதினெட்டு, பார்த்தாயா ரூபா, டிஸ்டிங்ஷன். வருகிற வழியிலேயே கருப்பட்டி மிட்டாய் வாங்கியிருப்பார். கடைசி ஆறு வருடம் அவருக்குக் கண் தெரியவில்லை. செய்தித்தாளை நான்தான் வாசித்துக் காட்டினேன், அவருடைய பரிசோதனைத் தாள்களையும். எனக்குச் சர்க்கரை வந்தபோது நான் ஆத்திரப்பட்டேன், அழுதேன், ஆராய்ச்சிக் கட்டுரைகளை எல்லாம் படித்தேன், பிறகு பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னதாக வாயைக் கட்டினேன். படிப்பு ஒரு தலைமுறையில் ஏறியிருக்கிறது. பழக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பத்து மணி ஐந்து நிமிடம். கையில் ஒரு மெல்லிய நடுக்கம், போர்வைக்குள் ஒரு சிறு பறவை இருப்பதுபோல. பசியாக இருக்கலாம், பசி எனக்கு நல்ல செய்தி, பசி என்றால் எண் இறங்கிக்கொண்டிருக்கிறது. இறங்கட்டும். இந்தக் கொரோனா நோயில் சர்க்கரைக்காரர்களின் நிலை என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நுரையீரலின் வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள், ஸ்டீராய்டு ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது, ஏறிய சர்க்கரை கிருமிக்கு விருந்து வைத்து நுரையீரலைக் காட்டிக்கொடுக்கிறது. காப்பாற்றுகிற கையும் தள்ளிவிடுகிற கையும் ஒரே உடம்பில் இருக்கின்றன. சர்க்கரை இல்லாதவர்களைவிட எங்களில் கூடுதலானவர்கள் மோசமாகிறார்கள், கூடுதலானவர்கள் இறக்கிறார்கள். சென்ற வருடம் முழுவதும் அந்தக் கட்டுரைகளை மாடியறையில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு மடங்கு என்றது ஒன்று, மூன்று என்றது இன்னொன்று, நான் பென்சிலால் ஓரத்தில் குறிப்பெழுதினேன், மாதிரி சிறிது, வயதைக் கணக்கில் எடுக்கவில்லை. வகுப்பில் சொல்வேன், விகிதம் என்பது கூட்டத்தைப் பற்றிய வாக்கியம், அதை ஒற்றை ஆளின் நெற்றியில் ஒட்டாதீர்கள் என்று. இப்போது நான் ஒற்றை ஆளாகப் படுத்திருக்கிறேன், என் நெற்றியில் அது ஒட்டியிருக்கிறது, வேர்வையில் நனைந்தும் உரியவில்லை. தினமும் சாயங்காலம் அரசாங்க அறிக்கை வரும், ஐம்பத்தேழு வயதுப் பெண், இணைநோய் உள்ளவர், காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் அனுமதிக்கப்பட்டார், இன்ன தேதியில் இறந்தார். படிப்பவர்கள் இணைநோய் என்ற இடம் வந்ததும் மூச்சை விடுவார்கள். அப்படியா, சுகர் இருந்ததா, அப்போ சரி. எங்களுடைய சாவு மற்றவர்களுக்கு ஆறுதலாகப் பயன்படுகிறது. தெருவில் இப்போது எந்த ஊர் என்று கேட்பதுபோல் கேட்கிறார்கள், உங்களுக்குச் சுகர் உண்டா என்று, உண்டு என்றால் அரை அடி விலகி நிற்கிறார்கள், ஏற்கெனவே ஆறடி விலகியிருந்தவர்கள். இதோ கன்னத்தை அழுத்திப் பார்க்கிறேன், இடது கண்ணுக்குக் கீழே, மாஸ்கின் விளிம்பு படும் இடத்தில். வலிக்கிறதா? வலி மாஸ்கினால்தானா? கறுப்புப் பூஞ்சை மூக்கிலிருந்து தொடங்கிக் கண்ணுக்கு ஏறுமாம், சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பு அதற்கு ஈரமண். ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறேன், செருப்பு தெரிகிறது. மற்றதை மூடுகிறேன், செருப்பு சற்று இடம் மாறித் தெரிகிறது. இரண்டு கண்ணும் இருக்கின்றன. இந்த வார்டிலிருந்து மூன்றாம் மாடிக்குப் போனவர்கள் ஐந்து பேர், அதில் நான்கு பேருக்குச் சர்க்கரை, ஒருவரும் திரும்பி வரவில்லை. குணமானவர்கள் இந்த வழியாகத் திரும்ப மாட்டார்கள், வேறு வாசல் வழியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள், என்னிடம் இருக்கும் தரவு முழுமையற்றது, இதிலிருந்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. தெரியும். முடிவுக்கு வந்துவிட்டேன். நான் மாடிக்குப் போக மாட்டேன்.

மழை பலத்துவிட்டது. இல்லை, குமிழி. தகரக் கூரையின் மேல் யாரோ நடக்கிறார்கள். கட்டில்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே அளந்து விட்ட இடைவெளி, தேர்வுக் கூடத்தில் விடுவதுபோல, ஒருத்தி எழுதுவது இன்னொருத்திக்குத் தெரியக்கூடாது. நான் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிறேன், என் செருப்பின் ஓசைக்கே பிள்ளைகள் முதுகை நிமிர்த்துகிறார்கள். ரூபாவதி மேடம் வந்தால் பேனாவும் வியர்க்கும் என்று கழிவறைச் சுவரில் எழுதியிருந்தது, நான் அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் வரிசையில் பேச்சியம்மாள், செய்முறைப் பதிவேட்டில் நாற்பது அளவீடுகளையும் வளைகோட்டுக்குள் அழகாக அடக்கி வைத்திருந்தவள். ஒரே ஒரு புள்ளிகூடத் தவறி வெளியே விழவில்லை, அதனால்தான் பிடிபட்டாள். உலகம் இவ்வளவு ஒழுங்காக இருக்காது பெண்ணே. பதிவேட்டை அவள் கண்ணெதிரில் கிழித்தேன். அவள் சொன்னாள், மேடம், சரியான விடை வரலன்னா மார்க் போட மாட்டீங்களே. நான் என்ன பதில் சொன்னேன்? ஏதோ கூர்மையாகச் சொன்னேன், வகுப்பு சிரித்தது, சிரிப்பு நினைவிருக்கிறது, சொன்னது நினைவில்லை. அவள் கட்டில் எங்கே போயிற்று? கட்டில் அல்ல, மேசை. பத்து மணி இருபத்தைந்து, முள் ஒன்று நனைந்த கயிறுபோல் தொங்குகிறது. வேர்வை கழுத்திலிருந்து தலையணைக்கு இறங்குகிறது, குளிர்ந்த வேர்வை, காய்ச்சல் வேர்வை இப்படி இருக்காது. நெஞ்சு தட்டுகிறது, யாரோ உள்ளேயிருந்து வாடகை வீட்டின் கதவைத் தட்டுவதுபோல் மரியாதையாக, பிறகு மரியாதையில்லாமல். காலையில் என் கணவர் சிகாமணி போனில் கேட்டார், “ரூபா, சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன், நாலு இட்லி.” “நாலா! வீட்டுல ரெண்டுக்கே மூஞ்சியச் சுளிப்பியே. ஆசுபத்திரி இட்லி அவ்வளவு நல்லாவா இருக்கு?” அவருக்கும் தொற்றுதான், லேசானது, வீட்டில் தனியாக இருக்கிறார், நாக்கில் ருசி போய்விட்டது. காப்பியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்துவிட்டு, எதுவும் தெரியவில்லை என்று எனக்கே சொல்கிறார், எனக்கே. ஒரு கரண்டி. இப்போது ஒரு கரண்டி கிடைத்தால். நான் ஏன் கரண்டியைப் பற்றி நினைக்கிறேன்? ஊசி பதினாறு, நேற்றுப் பன்னிரண்டு. கூட்டியிருக்கிறார்கள். நேற்று பாதித் தட்டு, இன்று ஒன்றுமில்லை. கூட்டியது எதன் மேல்? எதன் மேலும் இல்லை. வெறும் வயிற்றின் மேல் பதினாறு. நான் அவர்களுக்கு ஒரு எண் கொடுத்தேன், அவர்கள் அதற்கு ஒரு மருந்து கொடுத்தார்கள், அந்த மருந்துக்கு உரிய பெண் இங்கே இல்லை, அவள் நான்கு இட்லி சாப்பிட்ட பெண், நான் அவளுடைய கட்டிலில் படுத்திருக்கிறேன். இறங்குகிறது. இருநூறுக்குக் கீழே, நூறுக்குக் கீழே, மேலும் கீழே, படிக்கட்டு முடிந்த பிறகும் காலுக்குக் கீழே படி இருக்கிறது. மிகவும் இறங்கினாலும் மாட்டிக்கொள்வேன் என்பது அப்போதுதான் உறைக்கிறது. நாற்பது என்று காட்டினால் யாருக்கும் புரிந்துவிடும். நூற்றைம்பது வேண்டும், நம்பும்படியான நூற்றைம்பது. தலையணைக்கு அடியில் பிஸ்கட் இருக்கிறது, இரண்டு மட்டும் தின்றால் சரியாக வரும், இரண்டா மூன்றா, இத்தனை நிமிடத்துக்கு எத்தனை. சாகிற நிலையிலும் விடையைத் திருத்தப் பார்க்கிற இந்த மூளையைச் செருப்பால் அடிக்க வேண்டும். கையைத் தலையணைக்கு அடியில் அனுப்புகிறேன். கை போகிறது, எங்கோ தொலைவில், வேறொருத்தியின் கை. பொட்டலத்தின் வழவழப்பு தெரிகிறது. பிரிக்கிற இடம் எது என்று விரலுக்குத் தெரியவில்லை. பிரிப்பது என்றால் என்ன என்று சற்று நேரம் யோசிக்கிறேன்.

வெடித்த குதிகால்கள் தரையில் இறங்குகின்றன. “டீச்சரம்மா. டீச்சரம்மா, என்ன இப்பிடி வேர்க்கி? ஏ சிஸ்டரு, இங்க வாங்களேன், இவ்வோ ஒரு மாதிரியா கெடக்காவ.” வலக்காலை இழுக்கும் நடை ஓடி வருகிறது. என்னைத் திருப்புகிறார்கள், தரை போய் முகங்கள் வருகின்றன, முகங்கள் அல்ல, கண்ணாடிக்குப் பின்னே நீராவி. ஜெபசீலி என் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டுகிறாள், கழற்றி வேறு விரலில் மாட்டுகிறாள். “எம்பத்தி நாலு காட்டுது. கை ஜில்லுனு இருக்கு. மேடம், என்னப் பாருங்க, மூச்சு முட்டுதா?” முட்டவில்லை. மூச்சு வந்துகொண்டுதான் இருக்கிறது, மழையோடு மழையாக. நான் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அது ஒரே சொல், அது நாக்கின் கீழே உருளுகிறது. “ஆக்சிஜன் எறங்குது, டாக்டருக்குப் போன் போடுங்க. அண்ணாச்சி, டிராலியக் கொண்டாங்க, மேல ஒரு பெட்டு இருக்கான்னு கேளுங்க.” மேல. அந்தச் சொல் மட்டும் தெளிவாக வந்து விழுகிறது. எங்கே போகாமல் இருக்க இட்லியைக் கொடுத்தேனோ அங்கே கொண்டு போகிறார்கள், அதுவும் தவறான காரணத்துக்காக. அங்கே குழாயை வாய்க்குள் இறக்குவார்கள், நுரையீரலை நோண்டுவார்கள், அதற்குள் சர்க்கரை தரைக்கும் கீழே போய்விடும், சாயங்காலம் அறிக்கையில் இணைநோய் உள்ளவர் என்று எழுதுவார்கள், ஒருவரும் தவறு கண்டுபிடிக்க மாட்டார்கள். மைதீன் பாத்து என் கால்மாட்டில் நிற்கிறாள். அவளுக்குத் தெரியும். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருக்கிறாள், தின்றது அவள் என்பதால் சொல்ல மாட்டாள், சொன்னால் பழி அவள் மேல். நான்தான் சொல்ல வேண்டும். “எண் தப்பு,” என்கிறேன். “என்ன மேடம்? வீட்டு சார் போன் நம்பரா? சாருக்கு நாங்க சொல்லிக்கிடுதோம், நீங்க பேசாதீங்க.” மறுக்கிறேன், தலை மறுக்கிறதா தெரியவில்லை. மாஸ்கைப் பிடித்து இழுக்கிறேன், ஜெபசீலி என் கையைப் பிடிக்கிறாள், நான் அவள் கையைப் பிடிக்கிறேன். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் வாக்கியங்கள், எழுவாய் பயனிலை பிசகாமல், ஒலிபெருக்கி வேண்டாத குரலில். இப்போது ஒன்று வேண்டும். “சாப்பிடல. ஊசி போட்டீங்க. நான் சாப்பிடல.” ஜெபசீலி, “ஆண்டவரே,” என்கிறாள், விரலில் குத்துகிறாள், சின்ன இயந்திரம் ஐந்து விநாடி யோசிக்கிறது. “நாப்பத்தொண்ணு. டிராலிய நிறுத்துங்க. குளுக்கோஸ எடுங்க, பெரிய சிரிஞ்சு, சீக்கிரம்.”

இனிப்பு நாக்குக்கு வருவதில்லை, நரம்பில் வருகிறது. முழங்கையிலிருந்து தோளுக்கு ஒரு கனத்த வெப்பம் ஏறுகிறது, தோளிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து கண்ணுக்கு, ஒவ்வொரு விளக்காக யாரோ போட்டுக்கொண்டே வருவதுபோல். முதலில் கூரை வந்தது, பிறகு மின்விசிறி, பிறகு ஜெபசீலியின் கவச உடையின் முதுகில் கறுப்பு மையால் எழுதியிருந்த அவள் பெயர், பிறகு வெட்கம். வெட்கம்தான் கடைசியாக வந்தது, வந்ததும் நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது. விரலில் மறுபடி கருவியை மாட்டுகிறார்கள், கை சூடேறியதும் ஆக்சிஜன் தொண்ணூற்று மூன்று. “எங்கம்மையும் இதேதான் செய்வா மேடம்,” என்கிறாள் ஜெபசீலி, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி. “டெஸ்டுக்கு முந்தி ரெண்டு நாளு பட்டினி. அவளத் திட்டித் திட்டி எனக்குப் பழக்கம். ஒங்கள எப்பிடித் திட்டன்னுதான் தெரியல.” “அதே மாதிரியே திட்டுங்க.” “அப்ப சரி. அறிவு இருக்கா ஒங்களுக்கு?” மைதீன் பாத்து அழுதுகொண்டே சிரிக்கிறாள். “நாந்தான் தின்னேன் சிஸ்டர், எனக்கு ஊசி விஷயம் ஒண்ணும் தெரியாது, அல்லா மேல சத்தியமா.” “அவளை விடுங்க,” என்கிறேன், “அவ மூணு தடவ கேட்டா. நான்தான் ஏமாத்தினேன்.” டாக்டர் வந்து நிற்கிறார், நின்ற இடத்தில் குதிகாலை ஆட்டாமல் நிற்கிறார், முதன்முறையாக. என் மகன் வயதுகூட இருக்காது, எனக்கு மகன் இல்லை என்றாலும். “அப்போ நேத்து 236?” “பாதித் தட்டுக்கு.” “முந்தாநாளு?” “ஒரு இட்லி.” “அதுக்கு முன்னாடி?” “அதுக்கு முன்னாடி நீங்க அளக்கலை.” அவர் தாளைப் புரட்டுகிறார், ஒவ்வொரு எண்ணின் மேலும் கோடு போடுகிறார், பேனா காகிதத்தைக் கீறும் ஓசை எனக்குக் கேட்கிறது. “மேடம், அப்போ மூணு நாளா நாங்க யாருக்கு வைத்தியம் பாத்தோம்?” கோபம் இல்லை அந்தக் குரலில், உண்மையாகவே கேட்கிறார். “மத்தியானம் முழுசா சாப்பிடுங்க. ரெண்டு மணி நேரம் கழிச்சு வர்ற நம்பர வச்சு முடிவு பண்ணுவோம்.” “முன்னூறு வரும்.” “வரட்டும்.” “வந்தா மேல அனுப்புவீங்க.” “அனுப்புவேன். மேல போறது சாகுறதுக்குன்னு யாரு சொன்னா உங்களுக்கு?” ஐந்து பேர், நான்கு பேருக்குச் சர்க்கரை என்று சொல்ல வாயெடுக்கிறேன். “அஞ்சு பேரு போனாங்க இங்கேருந்து, எனக்குத் தெரியும், நான்தான் அனுப்பினேன்,” என்கிறார் அவர். “ரெண்டு பேரு எறந்துட்டாங்க. ஒருத்தங்க வீட்டுக்குப் போயிட்டாங்க. ரெண்டு பேரு இன்னும் இருக்காங்க.” ஐந்தில் இரண்டு. என்னுடைய கணக்கைவிட நன்று, ஆனாலும் நல்லதென்று ஒருவரும் சொல்லிவிட முடியாது. அதை மனத்துக்குள் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கிறேன், அது எந்தப் பக்கம் வைத்தாலும் ஐந்தில் இரண்டாகவே இருக்கிறது.

மாஸ்கை எடுத்துவிட்டு மூக்கில் மட்டும் குழாயை மாட்டுகிறார்கள். சோறு, பருப்புக் குழம்பு, முருங்கைக்கீரை, ஓர் அவித்த முட்டை. ருசி இல்லை, ருசி வேண்டியதுமில்லை. ஒவ்வொரு வாய்க்கும் இடையே மூச்சு வாங்கிக்கொண்டு நாற்பது நிமிடம் சாப்பிடுகிறேன். ஜெபசீலி எதிரே நின்று காவல் காக்கிறாள். “கீழ ஒண்ணு கெடக்கு மேடம்,” என்கிறாள் ஒரு பருக்கையைக் காட்டி. சிகாமணிக்குப் போன் செய்து, காலையில் சொன்னது பொய் என்கிறேன். அவர் இருமுவது கேட்கிறது, பிறகு, “இப்ப என்ன சாப்பிட்ட?” என்கிறார். சொல்கிறேன். “முட்டை மஞ்சக்கருவுமா?” “மஞ்சக்கருவும்.” “சரி. நான் இங்க இருக்கேன், போன வைக்காத.” வைக்கவில்லை, எங்கள் வீட்டுக் காக்கை எனக்குக் கேட்கிறது, என் குமிழி அவருக்குக் கேட்டிருக்கும். அந்த இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது, நான் மிதந்துகொண்டிருந்தேன், அது நோயா, தூக்கமா, பயம் களைத்து உட்கார்ந்ததா என்று பிரித்தறிய முயலவில்லை. விரலை நீட்டச் சொன்னபோது நீட்டினேன். முன்னூற்றுப் பன்னிரண்டு. டிராலி வருகிறது, மல்லாந்து படுத்தவளுக்கு உலகம் கூரையிலிருந்து தொடங்குகிறது, குழல்விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்கு மேல் நீந்திப் போகின்றன, லிப்ட் ஒரு பெருமூச்சோடு மூடிக்கொள்கிறது, உடம்பு சற்றே கனத்துப் பிறகு லேசாகிறது. மூன்றாம் மாடியில் சத்தம் குறைவு. வெளிச்சம் பால் கலந்த தண்ணீர்போல் இருக்கிறது. கட்டில்கள் அங்கங்கே தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன, ஒன்றில் ஒருத்தி கை அசைக்கிறாள், எனக்குத்தானா என்று தெரியவில்லை, நானும் அசைக்கிறேன். புதிய சிஸ்டர் ஒருத்தி புதிய தாளோடு வருகிறாள், மிகவும் இளையவள், குரலை வைத்துச் சொல்கிறேன். “பேரு ரூபாவதி, அம்பத்தேழு. சுகர் எத்தன வருஷமாம்மா? நாலுன்னு போட்டிருக்கு.” நான்கு என்பது நான் சேர்ந்த அன்று சொன்னது. “பதினாலு.” பேனா நிற்கிறது. “பதினாலா?” “ஆமா. அடிச்சிட்டு எழுதுங்க.” “மாத்திரை ஒழுங்காப் போட்டீங்களா?” “இல்ல. ராத்திரி மாத்திரைய பாதி நாள் போட மாட்டேன்.” எழுதுகிறாள். “வேற எதாச்சும் சொல்லணுமாம்மா?” மூச்சை இரண்டு முறை இழுத்து வைத்துக்கொள்கிறேன், இதற்கு ஒரே மூச்சு போதாது. “இடது கால்ல கடைசி ரெண்டு விரலுக்கும் உணர்ச்சி இல்ல. ஏழெட்டு மாசமா. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.” அவள் தாளைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டுக் கால்மாட்டுக்குப் போகிறாள், போர்வையை விலக்கிக் குனிகிறாள். “இப்பத் தொடுறேன். தெரியுதா?” நான் கூரையைப் பார்த்தபடி, என் காலின் கோடியில், அந்தத் தூரத்தில், எதற்காகவோ காத்திருக்கிறேன். “தெரியல,” என்கிறேன். அவள் அதையும் எழுதிக்கொள்கிறாள்.